மூளையில் இன்சுலினுக்கு என்ன வேலை? அல்சைமரும் வைட்டமின்களும்

அல்சைமர் என்பதே மூளைக்கு வரும் சர்க்கரை நோய்தான் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வருகிறது: இன்ன வைட்டமினைச் சாப்பிட்டால் மூளையில் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும், மறதி அண்டாது. முதலாவதில் கணிசமான உண்மை இருக்கிறது. இரண்டாவது, சின்ன உண்மை ஒன்றை இழுத்து நீட்டியதில் பிறந்தது. எங்கே நீட்டினார்கள் என்று கண்டுபிடிக்க, இன்சுலின் மூளைக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வழியில் வாயில் நுழையாத சில பெயர்கள் வரும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யார் யாரைத் தட்டி எழுப்புகிறார்கள் என்பது புரிந்தால் போதும்.

சாவி உவமை மூளைக்குப் பொருந்தாது

1921இல் டொரொண்டோவில் ஃபிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அன்று முதல் அது சர்க்கரை விவகாரமாகவே பார்க்கப்பட்டது. செல்லின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடும் சாவி என்று பாடப்புத்தகம் சொல்லும். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இது சரிதான். செல்லின் மேற்பரப்பில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். இன்சுலின் வந்து ஏற்பியில் ஒட்டியதும், செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு ஏறி வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. நாளடைவில் அந்தச் செல்கள் இன்சுலினுக்கு மந்தமாகவே செவிசாய்க்கத் தொடங்குவதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் விடாப்பிடியாக இன்னும் அதிகம் சுரக்கிறது. அதுவும் ஈடுகொடுக்க முடியாமல் தளரும்போது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வெளிப்படுகிறது.

மூளையின் கதை வேறு. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய பசியைத் தீர்க்க இன்சுலின் வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பில் குளூட்-1, நரம்பு செல்களில் குளூட்-3 என்று இரண்டு கடத்திகள் இருக்கின்றன. பெரும்பாலான குளுக்கோஸ் இவற்றின் வழியாக, இன்சுலினின் அனுமதி இல்லாமலே உள்ளே போகிறது. ஆகவே மூளை இன்சுலின் தேவைப்படாத உறுப்பு என்றே நெடுநாள் எழுதிவைத்திருந்தார்கள்.

1978இல் யானா ஹவ்ரான்கோவா, ஜெஸ்ஸி ராத் குழுவினர் எலியின் மூளையைத் துழாவியபோது, இன்சுலின் ஏற்பிகள் அதன் பல பகுதிகளிலும் பரவிக் கிடப்பதைக் கண்டார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸில் இருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலும் இருந்தன. கதவு திறக்க ஆள் தேவைப்படாத இடத்தில் இத்தனை ஏற்பிகள் எதற்கு?

இன்சுலின் அங்கே ஒரு செய்தி. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சினாப்ஸ் இணைப்புகளை வலுப்படுத்து, செல்லைச் சாகவிடாதே, பழுதானதைச் சரிசெய் என்றெல்லாம் உத்தரவிடும் செய்தி. மூளையில் இன்சுலின் எதிர்ப்பு என்றால் குளுக்கோஸ் உள்ளே போகவில்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. உத்தரவு வந்து சேர்ந்தும் செல்லுக்குள் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பதே பொருள். பிரபலக் கட்டுரைகள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உத்தரவு எங்கே நின்றுபோகிறது

இன்சுலின் ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் ஒரு தொடர் கிளம்புகிறது. ஏற்பி, ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தை எழுப்புகிறது. அது பிஐ3 கைனேஸை எழுப்புகிறது. அது ஏகேடி என்பதை எழுப்புகிறது. ஏகேடியின் முக்கியமான வேலைகளுள் ஒன்று, ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அடக்கிவைப்பது. இந்தக் கடைசிப் பெயரை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். ஜிஎஸ்கே-3 கட்டவிழ்ந்தால் டாவ் என்ற புரதத்தின்மேல் அளவுக்கு மீறி பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகிறது. நரம்பு செல்லின் நீண்ட குழாய்களைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய டாவ், பாஸ்பேட் சுமையால் பிடி நழுவித் தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த நார்முடிச்சுகள் இவைதாம்.

அவர் பார்த்த இன்னொன்று அமிலாய்டு படிவு, அதாவது அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்குகள் திரண்டு படிந்தது. அதற்கும் இன்சுலினுக்கும் ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. வேலை முடிந்த இன்சுலினைச் சிதைத்து அகற்றும் நொதி ஒன்று உண்டு. அதே நொதி அமிலாய்டு பீட்டாவையும் சிதைக்கிறது. இன்சுலின் எப்போதும் மிகுந்தே இருந்தால் நொதி அதிலேயே மும்முரமாகி, அமிலாய்டைக் கவனிக்க முடியாமல் போகலாம் என்பது கருத்து. சோதனைக்குழாயில் இந்தப் போட்டி தெளிவாகத் தெரிகிறது. உயிருள்ள மூளையில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை. எதிர்த்திசையிலும் சேதம் உண்டு: அமிலாய்டின் சிறு திரள்கள் சினாப்ஸ்களில் ஒட்டும்போது, அங்கிருந்த இன்சுலின் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பைவிட்டு விலகிவிடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

இதெல்லாம் செல் வளர்ப்புத் தட்டிலும் எலியிலும் பார்த்த கதைதானே என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு இதுவரை கிடைத்த நேரடியான பதில்களில் ஒன்று 2012இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கான்ராட் டால்பட், ஸ்டீவன் ஆர்னால்ட் குழுவினர், இறந்தவர்களின் தானம் செய்யப்பட்ட மூளைத் திசுவை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களின் திசுவாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அந்தத் திசுவை இன்சுலினில் ஊறவைத்து, மேலே சொன்ன தொடரில் யார் யார் எழுகிறார்கள் என்று அளந்தார்கள். மறதிநோய் இல்லாதவர்களின் ஹிப்போகாம்பஸ் திசு, இறந்த பிறகும் இன்சுலினுக்குப் பதில் தந்தது. அல்சைமர் நோயாளிகளின் திசுவில் அந்தப் பதில் வெகுவாகக் குறைந்திருந்தது. ஐஆர்எஸ்-1 கட்டத்தில் தொடர் ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. அந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டக் கூடாத இடங்களில் ஒட்டியிருந்தது. அந்தத் தவறான ஒட்டுதல் எவ்வளவு அதிகமோ, அந்த நபரின் நினைவாற்றல் உயிரோடு இருந்தபோது அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது. உடலில் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் மூளையில் மட்டும் இன்சுலின் எதிர்ப்பு இருக்க முடியும் என்பது அத்தோடு உறுதியானது.

‘மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்’ என்ற பெயரை பிரவுன் பல்கலைக்கழகத்தின் சுசான் டி லா மான்ட் குழுவினர் 2005இல் இதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். மருத்துவத்தில் அது ஏற்கப்பட்ட நோய்ப்பெயர் ஆகவில்லை. ஆகாததே நல்லது என்று நினைக்கிறேன். ரத்தச் சர்க்கரையைக் குறைத்தால் அல்சைமர் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் விதைத்துவிடுகிறது. சர்க்கரை நோய் மறதிநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. 1999இல் வெளியான ரோட்டர்டாம் ஆய்வில் அது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. ஆனால் அந்த அபாயத்தில் ஒரு பெரும் பங்கு மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் கெடுவதால் வருவது.

மருந்துச் சோதனைகளும் இந்த எச்சரிக்கையைத்தான் சொல்கின்றன. இன்சுலினை மூக்கில் தெளித்தால் அது ரத்தத்தில் அதிகம் கலக்காமல் மூளைக்குப் போகிறது. சுசான் கிராஃப்ட் தலைமையில் 2012இல் வெளியான சிறிய சோதனை நம்பிக்கை தந்தது. 289 பேரைக் கொண்டு 12 மாதங்கள் நடத்தி 2020இல் வெளியிட்ட பெரிய சோதனையில், இன்சுலின் தெளித்தவர்களுக்கும் வெற்றுத் திரவம் தெளித்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. (முதலில் பயன்படுத்திய தெளிப்புக் கருவி அடிக்கடி மக்கர் செய்ததால் நடுவில் வேறு கருவிக்கு மாறினார்கள். எத்தனை நுட்பமான உயிரியலும் கடைசியில் ஒரு குப்பியின் வாயில் வந்து நிற்கிறது.) சர்க்கரைக்கும் எடைக்கும் தரப்படும் செமாகுளூடைடு, தொடக்கநிலை அல்சைமரின் வேகத்தைக் குறைக்கவில்லை என்ற முடிவு 2025 நவம்பரில் வந்தது. இன்சுலின் எதிர்ப்பு நோயின் காரணமா, விளைவா, இரண்டுமா என்பது இன்னும் பிரிக்கப்படாத முடிச்சு.

வைட்டமின்கள் எங்கே வருகின்றன

மேலே பார்த்த தொடரில், ஏற்பி முதல் ஜிஎஸ்கே-3 வரை, எந்த வைட்டமினும் ஒரு கண்ணியாக இல்லை. அவை சற்றுத் தள்ளி நின்று வேலை செய்கின்றன: உள்ளே வந்த குளுக்கோஸை எரிப்பதில், கழிவை மறுசுழற்சி செய்வதில், எரியும்போது எழும் வேதிச் சேதத்தைத் தணிப்பதில். எனவே அவை குறைந்தால் மூளை தடுமாறும். தேவைக்கு மேல் கொட்டினால் இன்சுலினின் உத்தரவு உரக்கக் கேட்கும் என்பதற்கு உயிரியலில் ஆதாரமில்லை. வைட்டமின் விளம்பரங்கள் தாண்டிச்செல்லும் கோடு இதுதான்.

தயமின் எனப்படும் பி1 இதற்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு. குளுக்கோஸை முழுதாக எரித்துச் சக்தியாக்கும் பாதையில் இரண்டு முக்கிய நொதிகளுக்குத் தயமின் இல்லாவிட்டால் கை ஓடாது. மதுப்பழக்கத்தாலோ நீண்ட பட்டினியாலோ தயமின் வற்றிப்போன ஒருவர் குழம்பிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், அதை எரிக்கும் முயற்சியில் மிச்சமிருந்த தயமினும் தீர்ந்து, வெர்னிக்கே மூளைநோய் வெடிக்கலாம்: கண்கள் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், குழப்பம் முற்றும், சிகிச்சை தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்குத் தயமினைக் குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ ஏற்றுகிறார்கள். சர்க்கரை உள்ளே இருந்தும் மூளை பட்டினி கிடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

அல்சைமர் நோயாளிகளின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தால், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்துவது தெரிகிறது, அறிகுறிகள் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. இறந்தோரின் திசுவில் தயமினைச் சார்ந்த நொதிகளின் செயல்பாடும் குறைந்திருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, கேரி கிப்சன் குழுவினர் தயமினின் ஒரு வடிவமான பென்ஃபோடயமினை 70 பேரிடம் ஓராண்டு சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களின் சரிவு மெதுவாக இருந்ததுபோல் தெரிந்தது. முக்கிய அளவீட்டில் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லையைத் தாண்டவில்லை. ஆர்வம் கொள்ளலாம், மாத்திரை வாங்க ஓட இது போதாது.

வைட்டமின் டியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அதன் ஏற்பிகள் ஹிப்போகாம்பஸிலும் உண்டு. டி குறைந்தவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் மறதிநோயும் அதிகம் தென்படுகின்றன. ஆனால் நோயுற்று வீட்டோடு முடங்கியவருக்கு வெயில் படாமலே டி குறையும் அல்லவா? எது முதலில் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு சோதனையில், நோய் வருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க முடியவில்லை. குறைபாடு இருந்தால் எலும்புக்காகவாவது சரிசெய்ய வேண்டும்; அதைத் தாண்டி எதிர்பார்ப்பதற்கில்லை.

வைட்டமின் ஈ விஷயம் வழுக்குப்பாறை. கொழுப்பாலான செல் சவ்வுகளை அது ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கிறது. அந்தச் சேதம் இன்சுலின் எதிர்ப்பைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. 2014இல் வெளியான சோதனையில், லேசான முதல் நடுத்தர அல்சைமர் உள்ள 613 பேரில், தினமும் 2,000 யூனிட் ஈ எடுத்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவது ஆண்டுக்கு 19 சதவீதம் மெதுவானது. நினைவாற்றலில் மாற்றமில்லை. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், நோய் அல்சைமராக முற்றுவதை ஈ தடுக்கவில்லை. சாதாரணத் தேவை நாளைக்குச் சுமார் 22 யூனிட் என்பதை நினைவில் வைத்தால், 2,000 எவ்வளவு பெரிய எண் என்று புரியும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அந்த அளவு ரத்தக்கசிவை வரவழைக்கலாம். நாளைக்கு 400 யூனிட் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. மருத்துவர் பார்த்துப் பரிந்துரைத்தாலன்றித் தொடக் கூடாத மருந்து என்றே இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

பி12: இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம்

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் சாதாரண வாசகருக்கு உண்மையிலேயே உதவக்கூடியது இந்தப் பகுதிதான்.

உடலில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் பயன்படும்போது ஹோமோசிஸ்டைன் என்ற இடைப்பொருள் உண்டாகிறது. பி12, ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலம்), பி6 மூன்றும் அதை மறுபடி பயனுள்ளதாக மாற்றுகின்றன. அவை குறைந்தால் ஹோமோசிஸ்டைன் தேங்கும். தேங்கினால் ரத்தக்குழாய்களுக்குக் கேடு. மூளை சுருங்கும் வேகமும் கூடுவதாகத் தெரிகிறது. அப்படியானால் ஹோமோசிஸ்டைனைக் குறைத்தால் சுருக்கம் குறையுமா?

ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித், ஹெல்கா ரெஃப்சம் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். 70 வயதைத் தாண்டிய, லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் தினமும் ஃபோலிக் அமிலம் 0.8 மில்லிகிராம், பி12 0.5 மில்லிகிராம், பி6 20 மில்லிகிராம். தொடக்கத்திலும் முடிவிலும் எம்ஆர்ஐ எடுத்து மூளையின் அளவை ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை எடுத்தவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 சதவீதம் சுருங்கியது. வைட்டமின் எடுத்தவர்களின் மூளை 0.76 சதவீதம். தொடக்கத்திலேயே ஹோமோசிஸ்டைன் அதிகம் இருந்தவர்களிடம் வேறுபாடு இன்னும் பெரிது: சுருங்கும் வேகம் பாதிக்கு மேல் குறைந்தது.

இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். 2008இலேயே வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், ஏற்கெனவே அல்சைமர் உள்ளவர்களுக்கு இதே வைட்டமின்களை அதிக அளவில் 18 மாதங்கள் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டைன் குறைந்தது, மறதி முற்றும் வேகம் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சித்திரம் தெரிகிறது: குறை உண்மையிலேயே இருப்பவருக்கு, நோய் முற்றுவதற்கு முன் கொடுத்தால் பயன் இருக்கலாம். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பவருக்கும், நோய் வெகுதூரம் போய்விட்டவருக்கும் எதிர்பார்க்க அதிகமில்லை.

இனி சர்க்கரை நோய்க்கு வருவோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு உலகெங்கும் பொதுவாக முதலில் எழுதித்தரப்படும் மருந்து மெட்ஃபார்மின். நல்ல மருந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. தெரியவரும்போது எப்படித் தெரிகிறது என்பதுதான் சிக்கல்: பாதத்தில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம், மறதி, மந்தம். மரமரப்பைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். மறதியை வயதின் கணக்கிலோ அல்சைமரின் கணக்கிலோ எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒரே பி12 குறையாக இருக்கலாம், அதுவும் காலத்தில் கண்டுபிடித்தால் பெருமளவு மீளக்கூடியதாக. அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல் வகை மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து எடுப்பவருக்கு அபாயம் இன்னும் கூடும். உணவிலுள்ள பி12 பிரிந்து வரவே வயிற்று அமிலம் வேண்டும்.

இங்கே ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாக எடுப்பது ஒரு பொறி. பி12 குறையால் வரும் ரத்தச்சோகையை அது சரிசெய்துவிடும். ரத்தப் பரிசோதனை அழகாக இருக்கும். நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும். பி6 மாத்திரையை அளவு மீறி நெடுநாள் விழுங்கினாலும் அதுவே பாதத்தில் மரமரப்பை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நரம்புக்கு நல்லது என்று வாங்கிய மாத்திரையே நரம்பைக் கெடுக்கும் கூத்து அது.

மறதி என்று மருத்துவரிடம் போனால் பி12, தைராய்டு அளவுகளைப் பார்ப்பது வழக்கமான பரிசோதனை. மெட்ஃபார்மின் எடுப்பவர் எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறார் என்பதைத் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. பி12 அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்க உதவும். செல்லுக்குப் போதிய பி12 கிடைக்காதபோது அது ரத்தத்தில் ஏறும். நரம்பு அறிகுறிகள் இருந்தால் பொதுவாக ஊசியில் தொடங்குவார்கள். மற்றவர்களில் பலருக்கு நாளைக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். உறிஞ்சும் வழி பழுதாகியிருந்தாலும் அதில் ஏறக்குறைய 1 சதவீதம் தானாகவே ஊடுருவிவிடும், அன்றாடத் தேவையோ 2.4 மைக்ரோகிராம்தான். பி12 குறைகிறது என்பதற்காக மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தத் தேவையில்லை; இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.